‘ஏன் விட்டுட்டுப் போனா?’ என்ற கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு குழுவில் என்ன செய்வது

காதல் முறிந்த முதல் இரண்டு மூன்று கிழமைகளில் யாருக்கும் குழுச் சிகிச்சை தேவையில்லை. அந்த நாட்களில் வேண்டியது நித்திரை, சாப்பாடு, பக்கத்தில் இருக்க ஒரு ஆள். குழு தேவைப்படுவது அதற்குப் பிறகுதான். எட்டு மாதமாகியும் வேலைக்குப் போகிற பஸ்ஸில் கண் கலங்குகிறவருக்கு அது தேவை. இரவு இரண்டு மணிக்கு எழும்பி ‘லாஸ்ட் சீன்’ பார்க்கிறவருக்குத் தேவை. ‘இன்னுமா அதையே நினைச்சுக்கொண்டிருக்கிறாய்?’ என்று நண்பர்கள் கேட்கத் தொடங்கியதும் வாயை மூடிக்கொண்டவருக்கும் தேவை.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 2022இலிருந்து நடைமுறையில் இருக்கும் 11ஆவது பதிப்பில், வாழ்க்கையில் வந்த ஒரு பெரிய மாற்றத்துக்கு இசைய முடியாமல் தவிக்கும் நிலைக்கு ஓர் இடம் உண்டு. அதன்படி அந்தத் தவிப்பு வழக்கமாகச் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் தொடங்கி ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும், காரணம் நீடித்துக்கொண்டிருந்தால் தவிர. கொழும்பில் காரணம் நீடிக்கத்தான் செய்கிறது. பிரிந்தவர் அதே காலி வீதியில் அதே 100ஆம் இலக்க பஸ்ஸுக்கு நிற்கிறார். அதே அலுவலகத்தில் வேலை செய்கிறார். அதற்கும் மேலாக, கைக்குள் இருக்கும் போனில் நாள் முழுக்க இருக்கிறார்.

குழு நடத்த நினைக்கிறவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. காதல் கதையைக் கிழமைக்குக் கிழமை திரும்பச் சொல்ல இடம் கொடுக்கிற குழு ஆட்களை இன்னும் மோசமாக்கும். மனதில் இருப்பதைக் கொட்டினால் பாரம் குறையும் என்று பொதுவாக நம்புகிறோம். 2013இல் டேவிட் ஸ்பாராவும் அவரோடு சேர்ந்தவர்களும், அண்மையில் துணையைப் பிரிந்த 90 பேரை வைத்துச் செய்த ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. சிலரைப் பிரிவைப் பற்றி உணர்ச்சியோடு எழுதச் சொன்னார்கள். மற்றவர்களை அன்றாட வேலைகளைப் பற்றி வெறுமனே எழுதச் சொன்னார்கள். ‘இதற்கு என்ன அர்த்தம்’ என்று தேடித் தேடி அசைபோடும் சுபாவமுள்ளவர்கள், உணர்ச்சியை எழுதியபோது மாதக்கணக்கில் கூடுதலாகத் துன்பப்பட்டார்கள். அன்றாட வேலைகளைப் பற்றி எழுதிய அதே சுபாவக்காரர்கள் நன்றாகத் தேறினார்கள். குழுவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் இந்த அசைபோடும் வகைதான். கதையை ஒரு தடவை முழுதாகக் கேட்க வேண்டும், மரியாதையோடு கேட்க வேண்டும். அதற்குப் பிறகு குழுவின் வேலை இந்தக் கிழமையைப் பற்றியது.

சேர்ப்பதற்கு முன்

ஒவ்வொருவரோடும் தனியே 45 நிமிடமாவது கதைக்காமல் குழுவில் சேர்க்கக் கூடாது. உறவு எப்போது முடிந்தது, யார் முடித்தார், இப்போது என்ன தொடர்பு இருக்கிறது, நித்திரை, சாப்பாடு, குடி, வேலைக்கு ஒழுங்காகப் போகிறாரா, வீட்டில் யாருக்குத் தெரியும் என்பவற்றைக் கேட்க வேண்டும். மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவத்தை, பிஎச்கியூ-9 என்பதை, அங்கேயே நிரப்பச் சொல்லலாம். மொத்தம் 0 முதல் 27 வரை. 10 அல்லது அதற்கு மேல் என்றால் ஒரு வைத்தியரின் மதிப்பீடும் வேண்டும். அது குழுவுக்கு வரத் தடையில்லை, இரண்டும் சேர்ந்து போகலாம். மொத்தப் புள்ளி எதுவாக இருந்தாலும் ஒன்பதாவது கேள்வியைத் தனியாகப் பார்க்க வேண்டும். சாவைப் பற்றிய எண்ணங்களைக் கேட்கும் கேள்வி அது. பூச்சியம் தவிர வேறு எது போட்டிருந்தாலும் அன்றைக்கே அதைப் பற்றி வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

சிலருக்கு இந்தக் குழு சரியான இடமில்லை. முன்னாள் துணை அடிக்கிறார், பின்தொடர்கிறார், படங்களை வெளியிடுவேன் என்று மிரட்டுகிறார் என்றால் அது பாதுகாப்புப் பிரச்சினை. அதை ‘மனசைத் தேற்றிக்கொள்’ என்று வட்டத்தில் உட்கார்ந்து பேசுவது ஆபத்து. பெண்களுக்கு 1938 உதவி இலக்கம் இருக்கிறது. 1987இலிருந்து இயங்கும் விமன் இன் நீட் அமைப்பு சட்ட உதவியும் தரும். மிரட்டிய செய்திகளை அழிக்காமல் திகதியோடு ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும். பலர் அவமானத்தில் முதலில் அவற்றைத்தான் அழிக்கிறார்கள். குடி கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு முதலில் அதற்கான சிகிச்சை. முறிந்து ஒரு மாதம் ஆகாதவருக்குத் தனிப்பட்ட உளவளத்துணை போதும், அடுத்த குழுவுக்கு வரலாம்.

கொழும்புத் தமிழ் ஆட்களுக்கென்று இன்னொரு சோதனையும் இருக்கிறது. எங்கள் வட்டம் சின்னது. வெள்ளவத்தையில் டியூஷன் எடுத்தவர், கொட்டாஞ்சேனையில் போர்டிங் இருந்தவர், ஒரே கம்பஸ் பட்ச் என்று எப்படியோ ஒரு தொடர்பு வந்துவிடும். தனிச் சந்திப்பிலேயே படித்த பாடசாலை, ஆண்டு, வேலை செய்யும் இடம், முன்னாள் துணையின் முதல் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு மற்றவர்களுடையதோடு ஒப்பிட வேண்டும். பிரிந்த இருவரும் ஒரே குழுவுக்கு விண்ணப்பிப்பது நடக்கக்கூடியது. ஒருவரின் முன்னாள் காதலி இன்னொருவரின் மச்சாளாக இருப்பது அதைவிடச் சாதாரணம். ஒப்பிட்டு முடிந்ததும் அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள்.

எத்தனை பேர், எங்கே, எப்போது

ஆறிலிருந்து எட்டுப் பேர். எட்டோடு தொடங்கினால் நல்லது, ஒன்றிரண்டு பேர் எப்படியும் நின்றுவிடுவார்கள். நான்குக்குக் கீழே போனால் ஒருவர் வராத நாளில் குழு தனிக் கதையாகிவிடும். பத்தைத் தாண்டினால் அமைதியானவர்கள் கடைசி வரை வாய் திறக்க மாட்டார்கள். ஒரு தடவைக்கு 90 நிமிடம், கிழமைக்கு ஒரு முறை, பத்துக் கிழமை. தொடங்கிய பிறகு புதிய ஆட்களைச் சேர்ப்பதில்லை. பயிற்சி பெற்ற இருவர் நடத்த வேண்டும், ஒரு ஆணும் ஒரு பெண்ணுமாக இருந்தால் இன்னும் வசதி. ஒருவர் அழுதுகொண்டு வெளியே போனால் ஒருவர் கூடப் போகலாம், மற்றவர் வட்டத்தில் இருக்கலாம்.

இடம் தேடும்போது வாசலைப் பாருங்கள். நேரே காலி வீதியைப் பார்த்த வாசலும் ‘உளநல நிலையம்’ என்ற பெயர்ப்பலகையும் சேர்ந்தால் பாதிப் பேர் முதல் நாளே திரும்பிப் போய்விடுவார்கள். பல் வைத்தியரும் மொழி வகுப்பும் இருக்கிற கட்டடத்தின் இரண்டாம் மாடி என்றால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கோயில் மண்டபம் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லோரும் வருகிறார்கள், மதம் வேறு என்பதாலேயே முறிந்த காதல்களும் வருகின்றன. நேரம் சனி அல்லது ஞாயிறு காலை பத்து மணி. பின்னேரம் வைத்தால் போர்டிங்கில் இருக்கும் பெண்பிள்ளைகள் கேற் பூட்டும் நேரத்தை நினைத்துக் கடைசி அரைமணியும் மணிக்கூட்டையே பார்ப்பார்கள். பத்துக் கிழமைக்குள் வரும் போயா நாட்களையும் பண்டிகைகளையும் முதலிலேயே கழித்து ஒரு திகதிப் பட்டியல் கொடுத்துவிடுங்கள்.

விதிகள்

‘இங்கே கதைப்பதை வெளியே கதைக்கக் கூடாது’ என்று மட்டும் சொன்னால் போதாது. சம்பவமாகச் சொல்ல வேண்டும். காலி முகத்திடலில் ஒருவரை ஒருவர் கண்டால் என்ன செய்வது? அவர் முதலில் சிரித்தால் சிரிக்கலாம், இல்லாவிட்டால் தெரியாத ஆள் போலக் கடந்து போகலாம். கூட வந்த அம்மா ‘ஆர் அது?’ என்று கேட்டால் ‘வகுப்பில தெரிஞ்ச ஆள்’ என்பது எல்லோருக்கும் பொதுவான பதில். முதல் நாளே இதை எல்லோரும் ஒத்துக்கொண்டால் பிறகு பயம் பாதியாகக் குறையும்.

முன்னாள் துணையின் பெயரை வட்டத்தில் சொல்வதில்லை. அவரும் இதே ஊரில் வாழ்கிறவர், அவருக்கும் மரியாதை உண்டு. ‘அவர்’ என்று சொன்னால் போதும். ஒரே பாலினத்தவரைக் காதலித்தவர் தான் விரும்பும் நாள் வரை அதைச் சொல்லாமலே கதைக்கவும் இது வழி விடுகிறது.

‘நீங்கள் எந்த ஊர்?’ என்ற கேள்வி வேண்டாம். ஊரைக் கேட்டு, பகுதியைக் கேட்டு, மூன்றாவது கேள்வியில் சாதியில் போய் நிற்பது நம் ஆட்களுக்குப் பழகிப்போன பாதை. சாதிக்காகவே பிரிக்கப்பட்டவர் அந்த வட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். மலையகத்திலிருந்து வந்து புறக்கோட்டைக் கடையில் வேலை செய்கிறவர் அந்தக் கேள்வியோடு சுருங்கிவிடுவார். அறிமுகத்துக்குப் பெயரும் வயதும் போதும்.

உறுப்பினர்களுக்கிடையில் வட்ஸ்அப் குழு வேண்டாம். இதைத்தான் அதிகம் எதிர்ப்பார்கள், இதில்தான் உறுதியாக நிற்க வேண்டும். இரவு ஒரு மணிக்கு ஒருவர் அழுது குரல் பதிவு போடுவார், இன்னொருவர் விழித்திருந்து பதில் போடுவார், மூன்றாமவர் தன் பழைய படத்தைப் போடுவார். மூன்று பேரின் நித்திரையும் போகும். ஒருவர் மற்றவரைத் தேற்றப் போய்ப் புதிய காதல் தொடங்குவதும் அந்த நேரத்தில்தான். குழு நடக்கும் காலத்தில் உறுப்பினர்களுக்குள் காதல் வேண்டாம் என்பதையும் கூச்சப்படாமல் முதல் நாளே சொல்ல வேண்டும்.

ஏழு நிமிடம்

முதல் இரண்டு சந்திப்புகளிலும் எல்லோரும் தங்கள் கதையைச் சொல்கிறார்கள். ஆளுக்கு ஏழு நிமிடம். போன் டைமரை வட்டத்தின் நடுவில், எல்லோருக்கும் தெரியும்படி வையுங்கள். கடுமையாகத் தெரியும், ஆனால் எல்லை இல்லாத கதை சொல்கிறவரையே மூழ்கடிக்கும். இருபது நிமிடம் கதைத்துவிட்டு வீட்டுக்குப் போனவர் ‘கூடச் சொல்லிவிட்டேன்’ என்ற வெட்கத்தில் அடுத்த கிழமை வர மாட்டார். நேரம் முடிந்ததும் மற்றவர்கள் புத்தி சொல்லக் கூடாது. ‘இதில் எனக்கும் நடந்தது எது’ என்று ஆளுக்கு ஒரு வசனம் மட்டும்.

இந்த ஒரு வசனத்தில் நிறைய இருக்கிறது. அவருடைய சம்பளத் திகதியை இன்னும் மறக்க முடியவில்லை என்று ஒருவர் சொல்ல, நான்கு பேர் தலையாட்டுவார்கள். குழுச் சிகிச்சையைப் பற்றி எழுதிய இர்வின் யாலொம் குணப்படுத்தும் காரணிகள் என்று பதினொன்றைச் சொல்கிறார். தனக்கு மட்டும் நடக்கவில்லை என்று தெரிவது அவற்றில் ஒன்று. முறிந்த காதலில் அதற்கு எடை அதிகம், ஏனென்றால் பலர் இந்தத் துக்கத்தை எவருக்கும் சொல்லாமல் சுமக்கிறார்கள்.

புத்தி சொல்வது எங்கள் ஆட்களுக்கு அன்பு காட்டும் வழி. ‘விடுங்கோ, உங்களுக்கு நல்ல இடம் வரும்’ என்பார்கள். கேட்கிறவருக்கு வாய் அடைத்துவிடும். புத்தி சொல்வதை அடியோடு தடுக்கப் பார்த்தால் தோற்றுப்போவீர்கள். ‘இவர் கேட்டாரா?’ என்ற ஒரு கேள்வியை மட்டும் பழக்கிவிடுங்கள். மூன்றாவது கிழமையில் அவர்களே ஒருவரை ஒருவர் அப்படிக் கேட்பார்கள். ஒருவர் அழும்போது டிஷ்யூவைக் கையில் திணிக்கவும் வேண்டாம், அது ‘போதும், நிப்பாட்டுங்கோ’ என்று கேட்கும். பெட்டி நடுவில் இருக்கட்டும், வேண்டுமானால் எடுப்பார்.

மூன்றாவது சந்திப்பிலிருந்து பழைய கதை திரும்ப வரும்போது வழிநடத்துகிறவர் அதைப் பிடித்து இந்தக் கிழமைக்குள் கொண்டுவர வேண்டும். அது இப்படிப் போகும்:

“அக்கா, நாலு வருஷம். ஒரு மெசேஜோட முடிச்சிட்டா. ஏனெண்டு இண்டைக்கும் விளங்கேல்ல.”

“அந்தக் கேள்வி கடைசியா எப்ப வந்தது?”

“எப்பவும்தான் வரும்.”

“கடைசியா வந்த நேரத்தைச் சொல்லுங்கோ.”

“வியாழக்கிழமை. வேலை முடிஞ்சு வந்து... ஒம்பது மணி இருக்கும்.”

“எங்க இருந்தீங்கள்?”

“ரூமில. லைட் போடேல்ல.”

“சாப்பிட்டீங்களா?”

“இல்லை.”

“கையில என்ன இருந்தது?”

“போன்தான்.”

இந்த இடத்தில் வட்டத்தைப் பார்த்து ‘உங்கட ஒம்பது மணி எது?’ என்று கேட்டால் போதும். ஒருவருக்கு ஞாயிறு பின்னேரம், ஒருவருக்குக் குளிக்கும் நேரம், ஒருவருக்கு மரைன் டிரைவ் பக்கம் பஸ் திரும்பும் இடம். ‘ஏன் போனா?’ என்பதற்கு அந்த அறையில் எவரிடமும் பதில் இல்லை. வியாழன் ஒன்பது மணிக்குப் பதில் இருக்கிறது: வரும் வழியில் கடையில் இடியப்பப் பார்சல் வாங்குவது, உள்ளே போனதும் முதலில் லைட்டைப் போடுவது, சாப்பிட்டு முடியும் வரை போனை மேசையின் மற்றப் பக்கத்தில் சார்ஜில் விடுவது. ஒருவருக்கு ஒரு மணிநேரம், ஒரு மாற்றம், அவ்வளவுதான். ஐந்து மாற்றங்களோடு அனுப்பினால் ஒன்றும் நடக்காது, அடுத்த கிழமை தோல்வியோடு வருவார்.

வலிக்கிறது என்பதைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஈதன் குரொஸும் அவரோடு சேர்ந்தவர்களும் 2011இல், விரும்பாமல் பிரிக்கப்பட்ட 40 பேரிடம் முன்னாள் துணையின் படத்தைக் காட்டி, ஒதுக்கப்பட்டதை நினைக்கச் சொல்லி மூளையை ஸ்கான் செய்தார்கள். உடல் வலியின்போது இயங்கும் சில பகுதிகளே அப்போதும் இயங்கின. 2010இல் ஹெலன் ஃபிஷரின் குழு 15 பேரில் கண்டது, அந்தப் படத்தைப் பார்க்கும்போது ஏக்கத்தோடும் போதைப்பொருள் நாட்டத்தோடும் தொடர்புள்ள பகுதிகள் இயங்குகின்றன என்பது. ‘நெஞ்சு உண்மையாவே நோகுது’ என்று ஒருவர் சொன்னால் நம்புங்கள். தொடர்ந்து நெஞ்சுவலி இருந்தால் மனக்கவலை என்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் காட்டவும் சொல்லுங்கள்.

போன்

ஒரு முழுச் சந்திப்பு, தேவைப்பட்டால் இரண்டு, போனுக்கே போக வேண்டும். டாரா மார்ஷல் 2012இல் வெளியிட்ட ஆய்வில், முன்னாள் துணையின் பேஸ்புக்கைக் கூடுதலாக நோட்டம் விட்டவர்களுக்குத் துயரமும் ஏக்கமும் கூடுதலாக இருந்தன. எது காரணம், எது விளைவு என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு கிழமை நிறுத்திப் பார்த்தவர்கள் தாங்களே வித்தியாசத்தைச் சொல்வார்கள்.

நிறுத்துவதற்கு முன் எண்ணச் சொல்லுங்கள். ஒரு கிழமை முழுக்க, பார்த்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு துண்டுத் தாளில் ஒரு கோடு. போனில் எழுத வேண்டாம், தாள்தான். பத்துத் தடவை இருக்கும் என்று நினைத்து வந்தவர் ஐம்பது அறுபது கோடுகளைக் கண்டு திகைப்பார். அந்தத் திகைப்பு உங்கள் புத்திமதியைவிட வேலை செய்யும். எண்ணும் கிழமையில் ‘பார்க்காதே’ என்று சொல்லக் கூடாது, சொன்னால் கோடுகளை ஒளிப்பார்கள்.

அடுத்த கிழமை வேலைகள். உரையாடலை அழிக்க வேண்டாம், எக்ஸ்போர்ட் செய்து நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போனிலிருந்து எடுக்கலாம். கோபத்தில் எல்லாவற்றையும் அழித்தவர்கள்தான் பிறகு அதே செய்திகளைக் கேட்டு முன்னாள் துணைக்கே எழுதுகிறார்கள். பேஸ்புக்கின் பழைய நினைவுகள் பகுதியில் ஆட்களையும் திகதிகளையும் மறைக்கும் வசதி உண்டு. கூகுள் போட்டோஸில் ஒரு முகத்தை நினைவுகளில் வராமல் செய்யலாம். இவற்றைச் சந்திப்பிலேயே, எல்லோரும் போனைக் கையில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். வீட்டில் செய்கிறேன் என்றால் அந்த முகத்தைத் தேடிப் போய் அரைமணி அங்கேயே நின்றுவிடுவார்.

ப்ளொக் செய்வதா மியூட் செய்வதா என்று பெரிய விவாதம் வரும். பிரிந்தவர் நிம்மதியாக விட்டுவிட்டார் என்றால் மியூட் போதும். இரவில் எழுதுகிறவர், ‘சும்மாதான் கேட்டேன்’ என்று மாதமொருமுறை வருகிறவர் என்றால் ப்ளொக். ஆனால் உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது: அவருடைய தங்கையின் ஸ்டேட்டஸ், பொது நண்பனின் கலியாண வீட்டுப் படங்கள், புதிதாகத் திறந்த பெயரில்லாத கணக்கு. அந்தக் கணக்கைப் பற்றிக் கேட்காவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். எல்லோரையும் பார்த்துப் பொதுவாகக் கேளுங்கள், ஒருவரைப் பார்த்துக் கேட்காதீர்கள்.

தொடர்பு அறுபடாமல் இருப்பதற்குப் பணமும் பொருளும் கூடக் காரணம். சிம் மற்றவரின் அடையாள அட்டையில் எடுக்கப்பட்டிருக்கும். மோட்டார் சைக்கிள் லீசிங்குக்கு இவர் பிணை நின்றிருப்பார். சங்கிலி அடகில் இருக்கும், சீட்டு இன்னும் நான்கு மாதம் ஓடும். இவை உண்மையான காரணங்கள், அதேநேரம் கதைப்பதற்கான சாட்டும் ஆகிவிடும். ஒரே தாளில் எல்லாவற்றையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு திகதி போட்டு, மூன்றாவது ஆள் ஒருவர் மூலம் முடிக்க வேண்டும். சிம்மை அவரவர் பெயருக்கு முதலில் மாற்றுங்கள், வங்கிச் செய்திகளும் ஓடிபி எண்களும் அதற்குத்தான் வருகின்றன. பிணை கையெழுத்து சும்மா போகாது. தவணை கட்டப்படுகிறதா என்று நிறுவனத்திடமே கேட்கச் சொல்லுங்கள், அவரிடம் கேட்க வேண்டாம்.

ஒரே அலுவலகத்தில் வேலை செய்கிறவர்களால் தொடர்பை இப்படி அறுக்க முடியாது. அவர்களுக்கு எழுதி வைத்த மூன்று வசனங்கள் வேண்டும்: காலை வணக்கத்துக்கு ஒன்று, வேலை விஷயத்துக்கு ஒன்று, தனிப்பட்ட பேச்சு தொடங்கினால் நிறுத்த ஒன்று. வட்டத்தில் ஒருவர் அந்த முன்னாள் துணையாக நடிக்க, மூன்று தடவை சொல்லிப் பழகட்டும். முதல் தடவை குரல் உடையும். மூன்றாவது தடவை சரியாகும்.

அவரைப் பற்றி மோசமாக நினைத்தால் மறக்குமா?

நண்பர்கள் எல்லோரும் சொல்லும் வைத்தியம் இதுதான். சாண்ட்ரா லாங்கஸ்லாக் 2018இல் சகாவோடு 24 பேரில் இதைப் பார்த்தார். முன்னாள் துணையின் குறைகளை நினைத்தபோது காதல் உணர்வு குறைந்தது, ஆனால் அந்த நேரத்து மனநிலை மோசமானது. வேறு எதையாவது நினைத்தபோது காதல் குறையவில்லை, மனநிலை நன்றாக இருந்தது. ஆகவே இரண்டுக்கும் நேரம் உண்டு. குறைகளின் பட்டியலை ஆறாவது சந்திப்பில், பகல் வெளிச்சத்தில், குழுவோடு எழுதலாம். இரவில் தனியே எழுத வேண்டாம். பட்டியலில் வசைச் சொல் வேண்டாம், நடந்த சம்பவம் வேண்டும்: ‘எனக்குக் காய்ச்சல் வந்த நாலு நாளும் ஒரு கோல் எடுக்கவில்லை’ என்பது போல.

வீடு

மேலைநாட்டுக் கையேடுகளில் இந்தப் பகுதிக்கு அதிக இடம் இல்லை, எங்களுக்கு இதுதான் பெரிது. கெனத் டோக்கா 1989இல் வெளியே காட்டி அழ உரிமை கிடைக்காத துக்கம் என்று ஒன்றைப் பற்றி எழுதினார். வீட்டுக்குத் தெரியாமல் இருந்த காதல் முறிவது அப்படிப்பட்ட ஒன்று. இரண்டு அறை பிளட்டில் தங்கையோடு ஒரே கட்டிலைப் பகிர்கிறவர், குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் அழ முடிகிறது. மெலிந்து போனால் ‘டயட்டா?’ என்று கேட்கிறார்கள்.

எல்லாவற்றையும் பெற்றோரிடம் சொல்லச் சொல்வது பிழை. சிலருக்கு வீடு அடைபட்டுவிடும், போன் பறிபோகும், வேலைக்குப் போவதும் நின்றுவிடும். வீட்டில் யாராவது ஒருவரிடம், சின்னம்மாவோ அண்ணியோ, ஒரே வசனம் சொல்லப் பழகலாம்: ‘எனக்கு மனசு சரியில்லை, ஒருத்தரோட கதைச்சுக்கொண்டிருக்கிறன், கொஞ்ச நாள் என்னை ஒண்டும் கேளாதேங்கோ.’ வீட்டுக்குத் தெரிந்து முறிந்த காதல் என்றால் பிரச்சினை மறுபக்கம் திரும்பும். இரண்டாவது மாதமே சாதகத்தைத் தூக்கிக்கொண்டு புறப்படுவார்கள், கனடாவிலிருந்து ஒரு சம்பந்தம் வரும். ‘இப்ப வேண்டாம்’ என்றால் அடுத்த கிழமையும் கேட்பார்கள். ‘தைப்பொங்கலுக்குப் பிறகு கதைப்பம்’ என்று திகதியோடு சொன்னால் பெரும்பாலான பெற்றோர் அந்தத் திகதி வரை விடுவார்கள். சொன்ன திகதியில் கதைக்கவும் வேண்டும்.

பெற்றோரே பிரித்த காதல் என்றால் கோபம் அவர்கள் மேல் இருக்கும், அதே வீட்டில்தான் சாப்பாடும். அந்தக் கோபத்தை அவசரமாக மன்னிப்பாக மாற்றப் பார்க்காதீர்கள். வட்டத்தில் வயதில் கூடியவர் ஒருவர் ‘அப்பா அம்மா நல்லதுக்குத்தான் செய்வினம்’ என்று கட்டாயம் சொல்வார். அப்போது அதே கேள்விதான்: ‘இவர் கேட்டாரா?’

‘இருந்து என்ன பயன்’ என்று ஒருவர் சொன்னால்

அந்த இடத்திலேயே, எல்லோர் முன்னாலும், அமைதியாக நேரே கேளுங்கள்: ‘சாக வேணும் எண்டு நினைக்கிறீங்களா?’ கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் இணை வழிநடத்துநர் அவரோடு அடுத்த அறைக்குப் போக வேண்டும். திட்டம் இருக்கிறதா, வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, முன்பு முயன்றதுண்டா என்று கேட்க வேண்டும். ஒன்றுக்கு ஆம் என்றாலும் தனியே பஸ் ஏற்றி அனுப்பக் கூடாது. அவர் தெரிவு செய்யும் ஒருவரை வரவழைத்து, அன்றைக்கே கொழும்பு தேசிய வைத்தியசாலைக்குக் கூட்டிப்போக வேண்டும். ரகசியம் காக்கும் விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு. முதல் நாளே எல்லோருக்கும் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு 24 மணிநேரமும் எடுக்கலாம். 1333 கட்டணமில்லாத உளவளத்துணை இலக்கம். தற்கொலையைத் தடுக்க உதவும் தொண்டு அமைப்பான சுமித்ரயோ 1974இலிருந்து கொழும்பில் இந்த வேலையைச் செய்கிறது. அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ். இந்த இலக்கங்களைத் தாளில் கொடுத்தால் தொலைந்துவிடும், சந்திப்பிலேயே எல்லோருடைய போனிலும் சேமிக்க வையுங்கள். பொலிஸ் வழக்கு வரும் என்று பயந்து வைத்தியசாலைக்குப் போகாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தற்கொலை முயற்சி இலங்கையில் 1998இலிருந்து குற்றமில்லை. இதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நடுவில் நிற்பவர்கள்

மூன்றாவது நான்காவது கிழமையில் ஒருவர் வராமல் போவார். ஒரு தடவை கோல் எடுங்கள், ஒரு தடவை மட்டும். பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று: நலமாகிவிட்டது என்று தோன்றியது, வெட்கம், அல்லது பழைய ஆளோடு திரும்பச் சேர்ந்துவிட்டார். மூன்றாவதுதான் சொல்லக் கூசுவது. சேர்ந்தவரும் குழுவுக்கு வரலாம் என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தால் திரும்பி வருவார். வட்டத்தில் மற்றவர்களுக்குப் பொறாமை வரும், கோபம் வரும், ‘எனக்கு ஏன் நடக்கேல்ல’ என்ற கேள்வி வரும். அதற்கு அன்றைய சந்திப்பில் இருபது நிமிடமாவது ஒதுக்கினால்தான் மற்ற வேலை நடக்கும்.

ஒன்பது கேள்விப் படிவத்தைத் தொடக்கத்திலும் ஐந்தாவது கிழமையிலும் முடிவிலும் நிரப்பச் சொல்லுங்கள். ஐந்து புள்ளி குறைந்தால் உண்மையான மாற்றம் என்று எடுக்கலாம். இரண்டாவது மூன்றாவது கிழமையில் சிலருக்குத் தவிப்புக் கூடும். மூடி வைத்ததைத் திறந்ததால் வருவது அது, தொடர்ந்து கூடிக்கொண்டே போனால் மட்டும் தனியே பார்க்க வேண்டும். புள்ளியைவிட நாங்கள் நம்புவது அந்தக் கோடு போட்ட தாளைத்தான். ஐம்பது இருபதானால், இருபது ஐந்தானால், நித்திரையும் கூடவே திரும்பியிருக்கும்.

கடைசிச் சந்திப்பில் அழுகையும் விடைபெறுதலும் தானாக வரும், அதற்குத் தனியே திட்டம் தேவையில்லை. திட்டம் வேண்டியது வரப்போகும் நாட்களுக்கு. அடுத்த பன்னிரண்டு மாதத்தின் கலண்டரை விரித்து, அவருடைய பிறந்தநாள், காதலைச் சொன்ன நாள், பொது நண்பர்களின் கலியாணங்கள், ஆடிவேல் பார்க்க இருவரும் சேர்ந்து போன நாள் என்று ஒவ்வொருவரும் தங்கள் நாட்களை வட்டமிட வேண்டும். ஒவ்வொரு வட்டத்துக்குப் பக்கத்திலும் அன்று யாரோடு இருப்பேன், எங்கே இருப்பேன் என்று எழுத வேண்டும். முன்னாள் துணையின் கலியாணச் செய்தி ஒருநாள் வரும். அதை யார் மூலம் கேட்க விரும்புகிறார் என்று இப்போதே ஒரு நண்பரிடம் சொல்லி வைக்கலாம், ஸ்டேட்டஸில் தற்செயலாகக் காண்பதைவிட அது தாங்கக்கூடியது.

இரண்டு மாதம் கழித்து ஒரு தடவை எல்லோரும் கூட ஒரு திகதியை அப்போதே குறித்துவிடுங்கள். அன்றைக்கு அந்தக் கலண்டரைக் கொண்டுவரச் சொல்லி, கடந்துபோன வட்டங்களை ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்: அன்று எழுதியபடி நடந்ததா, எத்தனை மணிக்குக் கஷ்டமாக இருந்தது, யார் கூட இருந்தார்.